பெரியம்மாவிடம் யாரும் கேட்காத கேள்வி

மரியபுஸ்பம். புஸ்பம் பெரியம்மா. உயிரோடு இருந்தபோது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் என் காதைத் திருகியிருப்பீர்கள். இப்போது கூப்பிடுகிறேன். ஆஸ்பத்திரியில் உங்கள் பெயர் ஒருவரின் வாயிலும் முழுதாக வரவில்லை. கடைசிவரை 'மரியா அம்மையார்' என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த போலந்துக்காரியும் மரியாதான். அவளுக்கு வந்த மருந்தை ஒருநாள் உங்களுக்குத் தரப் பார்த்தார்கள். அதனால் இங்கேயாவது முழுப் பெயரும் இருக்கட்டும்.

துக்கம் ஆறினபிறகு எழுது என்று சொன்னார்கள். ஆறவில்லை. ஆறும்வரை பொறுத்திருந்தால் நான் இதை எழுதப்போவதும் இல்லை.

வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பையின் வாயில் புற்றுநோய். அது பொல்லாத நோய்தான். ஆனால் அவர் அப்படி அழுகிச் செத்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. டொக்டர் ஒரு கேள்வி கேட்டார். பெரியம்மாவின் உடம்பைப் பற்றிய கேள்வி. அது பெரியம்மாவிடம் போய்ச் சேரவே இல்லை. நடுவில் நின்ற என் மாமா பதில் சொல்லி முடித்துவிட்டார்.

நாங்கள் மன்னார் ஆட்கள். ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரில் இருக்கிறோம். என் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவின் மூத்த தமக்கைதான் புஸ்பம் பெரியம்மா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, என்னைத்தான் வளர்த்தார். பெரியப்பாவுக்கு இரும்பு வார்க்கிற தொழிற்சாலையில் வேலை. பெரியம்மாவின் தம்பி அன்ரன் மாமா எங்களுக்கு முதலே ஜெர்மனிக்கு வந்தவர். இங்குள்ள தமிழ்ச் சனத்துக்கு அவர்தான் வாய். விசாக் கந்தோர், வீட்டு விண்ணப்பம், பல் டொக்டர், எல்லாவற்றுக்கும் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு கூடப் போவார். ஒரு சதம் வாங்கமாட்டார். அதனாலேயே அவரை எதிர்த்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நான் இங்கே கொஞ்சக் காலம் பள்ளிக்கூடம் போனேன். சான்றிதழ் ஒன்றும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிகளின் துணி தோய்க்கிற சலவைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன். எழுத்து ஜெர்மன் எனக்குச் சரிவராது, பேச்சு ஜெர்மன் நன்றாக வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரியம்மாவுக்காகக் கதைக்க வீட்டிலேயே ஒரு பெண் இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

எங்கள் கட்டடத்தில் தோய்க்கிற மெஷின்கள் நிலத்துக்குக் கீழே ஒரு அறையில் இருக்கின்றன. அந்தக் குளிர்காலத்தில் பெரியம்மா அடிக்கடி தனியாகக் கீழே போகத் தொடங்கினார். ஒருநாள் பின்னால் போனேன்.

"நேற்றுத்தானே தோய்ச்சனீங்கள் பெரியம்மா?"

"உன்ர பெரியப்பா ஊத்தையன். நீ மேல போ."

கையில் இருந்த விரிப்பைச் சுருட்டி மறைத்தார். நான் நாள் முழுக்க ஆஸ்பத்திரி விரிப்புகளோடு நிற்கிறவள். எனக்கா மறைப்பது?

"உது ரத்தம், பெரியம்மா."

"ஓம், ரத்தந்தான். நான் திரும்பவும் சாமத்தியப்பட்டிட்டன். போய்ப் பெரியப்பாவிட்டப் பந்தல் போடச் சொல்லு."

வயதுக்கு வந்த பிள்ளைக்குப் போடுகிற பந்தல். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயதில் வரக்கூடாத ரத்தம் என்று எனக்கே தெரிந்தது. பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் மாமாவிடம் சொன்னார். மாமா ரையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பெண்கள் டொக்டரின் காத்திருப்பு அறையில் எல்லாரும் வயிறு தள்ளியவர்கள். அவர்களுக்கு நடுவில் பெரியம்மா சேலைக்கு மேல் குளிர்கோட்டோடு, அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். கூப்பிட்டதும் நானும் எழும்பினேன்.

"நீ இரு பிள்ளை," என்றார் மாமா.

"எனக்கு ஜெர்மன் தெரியும்தானே மாமா. நான் கதைக்கிறன்."

"உது குமர்ப்பிள்ளையள் நிண்டு கேக்கிற கதை இல்லை. நாளைக்கு உனக்கொரு கலியாணம் பேச வேணும். இரு."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவரும் "இரு மோனை" என்றார். கலியாணம் கட்டாதவள் கர்ப்பப்பை என்ற சொல்லைக் கேட்டால் கெட்டுப்போவாளாம். ஆனால் ஒரு பெண் தன் கீழ்ப்பகுதியில் என்ன செய்கிறது என்பதைத் தம்பியின் வாயால் சொல்லலாமாம். இது எந்த ஊர் நியாயம் என்று அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும் போலிருக்கிறது. எங்களுக்குள் அப்படிக் கத்துவது பழக்கம் இல்லை.

உள்ளே கர்ப்பப்பை வாயில் கொஞ்சம் சதை கிள்ளி எடுத்தார்கள். அதை மைக்குறஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். கிள்ளும்போது சுருக்கென்று நோகும், இரண்டு மூன்று நாள் கறுப்பாக ரத்தம் படும், அவ்வளவுதான். முடிவை மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். மாமா எங்களிடம் "சின்ன ஒரு கட்டி" என்றார். சின்னக் கட்டிக்கு ஏன் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்து ரெர்மின் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "உனக்கு எல்லாம் தெரிய வேணுமே?" என்றார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் என் காதால் கேட்டேன். பெரியம்மாவின் கோட்டையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். அறைக்கு நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் பெரியம்மா கட்டிலில், டொக்டரும் ஒரு மாணவனும் அவரைப் பார்த்துக்கொண்டு. இந்தப் பக்கம் மாமாவும் பெரியப்பாவும். டொக்டர் திரைக்கு மேலால் குரல் விட்டார்.

"இங்கே அடிவயிற்றில் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. இந்த இடத்தில் முன்பு எப்போதாவது கதிர் சிகிச்சை நடந்ததா?"

மாமா இதைத் தமிழில் சொல்லவே இல்லை. திரையின் பக்கம் திரும்பவும் இல்லை. உடனேயே ஜெர்மனில் சொன்னார்: "இல்லை டொக்டர். எங்கள் நாட்டில் வயிற்றுக் குத்துக்குச் செங்கல்லைச் சுடவைத்து ஒத்தடம் கொடுப்பார்கள். அந்தச் சூடு."

"ஆ, செங்கல்!" என்றார் டொக்டர். மாணவனுக்குச் சிரிப்பு. எங்களைப் பற்றி எந்த விசர்க்கதை சொன்னாலும் இந்த நாட்டில் நம்புவதற்கு ஆள் இருக்கிறது. படித்தவர்கள், வெள்ளைக்கோட்டுப் போட்டவர்கள், ஒரு பெண்ணின் வயிற்றில் சதுரமாக ஒரு தழும்பைப் பார்த்துவிட்டுச் செங்கல் என்றதும் தலையாட்டினார்கள். அவர்கள் கைக்குக் கீழே கிடந்தவரை ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கும் சின்ன வயதில் அந்தச் செங்கல் கதையைத்தான் சொல்லியிருந்தார்கள். உண்மை என்றே நினைத்திருந்தேன்.

மாமா திரும்பி என்னைக் கண்டார். "நீ இன்னும் இஞ்சயோ நிக்கிறாய்? வெளியில போ!"

மிச்சக் கதையை மாமா ட்ராமில் வரும்போது சொன்னார். வெட்டலாமாம், அல்லது கதிர் கொடுக்கலாமாம். கதிர்தான் நல்லதாம். கத்தி இல்லை, காயம் இல்லை, ஒருத்தருக்கும் தெரியவும் வராது. பெரியப்பா தலையாட்டினார். பெரியம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, உந்தக் கதிர் எண்டது எக்ஸ்ரே தானே?"

"அதைவிடப் பெரிசு எண்டு நினைக்கிறன், பெரியம்மா."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் கதைக்கவில்லை. கதைக்காமல் இருக்கிற மனிசி இல்லை அவர்.

கதிர் சிகிச்சைக்கு இங்கே பெஸ்ட்ராலுங் என்று பெயர். இது வந்த வீட்டில் எல்லாருக்கும் இந்த ஒரு சொல் பாடமாகிவிடும். அந்த அறை நிலத்துக்குக் கீழே, சுரங்கம் மாதிரி. கதவு கை முழம் தடிப்பு. முதல்நாள் வயிற்றில் ஊதா மையால் கோடு கீறி, கழுவக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். கோட்டுக்குள் தினமும் மெஷினைப் பிடிப்பார்கள்.

"தோய்க்கப் போடுற துணிக்குக் குறி போடுற மாதிரி என்னைக் கீறி விட்டிருக்கிறாளவை," என்றார் பெரியம்மா. "உன்ர வேலை இடத்துக்கு என்னையும் அனுப்பப் போயினம்போல."

கதிர் கண்ணுக்குத் தெரியாது, அந்த நேரத்தில் நோகவும் மாட்டாது. அது உள்ளே போய்ப் புற்றை எரிக்கும், பக்கத்தில் இருக்கிற நல்ல சதையையும் கொஞ்சம் எரிக்கும். நல்ல சதை திரும்ப ஆறிவிடும் என்ற நம்பிக்கையில்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் முன்பே ஒருமுறை நிறையக் கதிர் வாங்கிய சதை பழையபடி ஆறாது. மேலே தோலும் உள்ளே குடலும் மூத்திரப்பையும் பலம் கெட்டுப்போயிருக்கும். அதனால்தான் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கடைசியில் வேறொன்றும் செய்தார்கள். கீழ்வழியால் ஒரு குழாயை வைத்து, அதற்குள் கதிர் விடுகிற சின்ன மணி ஒன்றை மெஷினால் அனுப்புவது. மணி போகும்போது அறையில் ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

"கள்ளன் வந்த வீடு மாதிரி எல்லாரும் ஓடிட்டினம்," என்றார் பெரியம்மா. "நான் மட்டும் காலை விரிச்சுக்கொண்டு கிடக்கிறன், அந்தோனியாரே எண்டு."

அவர் என்னிடம் இப்படிக் கதைக்கத் தொடங்கியதே அப்போதுதான். வயிற்றோட்டம் வந்து, களைத்துப்போய், சேலை உடுத்திவிட ஆள் தேவைப்பட்டபோது நான் குமர்ப்பிள்ளை என்பது எல்லாருக்கும் மறந்துபோயிற்று. கழுவித் துடைக்க நான் வேண்டும். கதைக்க மட்டும் மாமா.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலை வேலை முடிந்து வந்ததும் கஞ்சி வைப்பார். அரிசி ஒன்றுகூடத் தட்டுப்படக்கூடாது என்று துணியில் வடித்து, தொழிற்சாலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிற பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுவருவார். "உதில இரும்பு மணக்குது," என்று பெரியம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுவார். ஒவ்வொரு நாளும் குடித்து முடிப்பார். காத்திருப்பு அறையில் ஒரு துருக்கிக்காரி எங்கள் கையில் எலுமிச்சை மணக்கிற கொலோன் ஊற்றிவிடுவாள். பெரியம்மாவுக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. இரண்டு பேரும் மெஷினைக் காட்டிக் காறித் துப்புகிற மாதிரிப் பாவனை செய்துவிட்டுச் சிரிப்பார்கள்.

காசுக் கவலை இருந்ததா என்று கேட்கிறார்கள். இல்லை, காப்புறுதி எல்லாவற்றையும் கட்டியது. காசில்லாமல் செத்தவர் என்றால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

சிகிச்சை முடிந்து கொஞ்சக்காலம் நன்றாக இருந்தார். புற்று சுருங்கிவிட்டது என்றார்கள். உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு வந்தார், அன்ரன் மாமா எல்லாரிடமும் "அக்காவுக்குச் சுகம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு வயிறு உடைந்தது. வேறு சொல் தெரியவில்லை. எரிந்துபோன சதை ஆறாமல், குடலுக்கும் பெண்வழிக்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. மலம் வரக்கூடாத வழியால் வந்தது. திரும்ப ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மணம் வரும். எவ்வளவு கழுவினாலும் வரும். கோயிலில் இருந்து பார்க்க வந்த பெண்கள் மூக்குக்குக் கைலேஞ்சி வைத்தார்கள். ஒருத்தி "குளிருதில்லையே" என்று சொல்லிக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்தாள், வெளியே மழை. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடந்தார். அவர்கள் போனபிறகு, "போயிட்டாளவையோ?" என்று கேட்டார்.

ஒரு பின்னேரம் தாதி சுடுதண்ணீரும் துவாயும் வைத்துவிட்டுப் போனார். போலந்துக்காரியை வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். வயிற்றைத் துடைக்கும்போது அந்தக் கறுத்த இடத்தை முதன்முதலாக வெளிச்சத்தில் பார்த்தேன். கைலேஞ்சியை விரித்து வைத்த மாதிரிச் சதுரம். ஓரங்கள் அளவுகோல் பிடித்துக் கீறியதுபோல நேர்.

"செங்கல்லை இவ்வளவு நேரா ஆர் பெரியம்மா வைச்சது?" பகிடியாகத்தான் கேட்டேன்.

"செங்கல்லும் மண்ணாங்கட்டியும்," என்றார். "கதவைச் சாத்திப்போட்டு வா."

சாத்திவிட்டு வந்தேன்.

"எனக்குக் கலியாணத்துக்கு முதல் பெரும்பாடு. மாசம் முழுக்கப் போகும், நிக்காது. வெளிறிப்போய், எழும்பி நடக்க ஏலாது. ஊரில ஒருத்தருக்கும் சொல்லாமல் தம்பி கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனவன். தையல் படிக்கப் போனதெண்டு ஊருக்குச் சொன்னது. அங்க ஒரு பெரிய டொக்டர், வயித்தில எக்ஸ்ரே பிடிச்சா நிண்டிடும் எண்டார். கன நாள் பிடிச்சவை. தோல் உரிஞ்சு புண்ணாகிப் பேந்து ஆறினது. ரத்தம் நிண்டுது. நிண்டது நிண்டதுதான், பேந்து வரவேயில்லை."

"அதோட பிள்ளை பிறக்காது எண்டு சொன்னவையோ?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. தம்பிக்குச் சொன்னவை. அவன் ரயில்ல வரேக்கதான் சொன்னான், அக்கா, உதை ஆருக்கும் வாய் திறக்காத, உனக்கு நான் நல்ல இடத்தில கட்டி வைக்கிறன் எண்டு. கட்டி வைச்சான்."

"பெரியப்பாவுக்குத் தெரியாதோ?"

"விசரே உனக்கு?"

"அப்ப இஞ்ச கதிர் எண்டு சொல்லேக்க ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"பேசினனான்." குரல் உயர்ந்தது. "அடுத்தநாள் நீ வேலைக்குப் போனபிறகு, தம்பி, எனக்கு உது வேண்டாம், வெட்டச் சொல்லு எண்டு சொன்னனான். உன்ர பெரியப்பா பக்கத்தில நிண்டவர். அதுக்கு மேல என்னத்தைச் சொல்லுறது? அவன் ஓம் அக்கா எண்டான். டொக்டரிட்ட என்ன சொன்னானோ, எனக்கென்ன ஜெர்மன் தெரியுமே?"

துவாயைப் போட்டுவிட்டு நேராக டொக்டரைத் தேடிப் போனேன். அதே செங்கல் டொக்டர். தாதிமார் அறையில் நின்றார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் மாறியது. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

ஒரு காலத்தில் அப்படிச் செய்ததுண்டு என்றார். இங்கே ஜெர்மனியிலும் செய்தார்களாம். நிற்காத பெரும்பாட்டுக்கு அடிவயிற்றில் எக்ஸ்ரேயை விட்டு, முட்டை வளருகிற சூலகத்தை அவித்துவிடுவது. சூலகம் செத்தால் மாதவிடாய் நிற்கும். கத்தி வைக்காத புது வைத்தியம் என்று அப்போது பெயராம். பிறகு தீமை தெரிந்து கைவிட்டார்களாம்.

"தெரிந்திருந்தால் நாங்கள் இந்த அளவு கதிர் கொடுத்திருக்க மாட்டோம். சத்திரசிகிச்சையை யோசித்திருப்போம்," என்றார். பிறகு, "நாங்கள் கேட்டோம்," என்றும் சொன்னார்.

"யாரைக் கேட்டீர்கள்?"

"உங்கள் மாமாவை."

"மாமாவுக்குக் கர்ப்பப்பை இருக்கிறதா?"

அங்கே நின்ற தாதி நிலத்தைப் பார்த்தார். இந்தப் புற்றும் அந்தப் பழைய எக்ஸ்ரேயால்தான் வந்ததா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டொக்டர். இவ்வளவு மெஷின் வைத்திருக்கிறார்கள், இதைச் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமா கோப்பி மெஷினடியில் நின்றார். டொக்டர் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும், என்னைக் கண்டதும் பாய்ந்தார்.

"நீ ஆரடி டொக்டரிட்ட உதுகளைக் கதைக்க?"

"நீங்கள் ஆர் மாமா அவவுக்காக இல்லை எண்டு சொல்ல?"

"வாயைப் பொத்து. அத்தான் பக்கத்தில நிண்டவர். பெஸ்ட்ராலுங் எண்ட சொல்லு அவருக்கும் விளங்கும். நான் ஓம் எண்டிருந்தா திரும்பி என்னைப் பாத்திருப்பார். என்னத்தைச் சொல்லுறது? ஒரு குறையும் இல்லாத பெட்டை எண்டு அந்த வீட்டுக்கு வாக்குக் குடுத்தவன் நான். முப்பது வருசம் அக்கா தலை நிமிர்ந்து இருந்தவ எண்டா அது என்னால."

"தலை நிமிர்ந்தோ? பெரியப்பாவின்ர தாய் அவவை மலடி மலடி எண்டு கொத்தினது உங்களுக்குத் தெரியாதோ? நல்லது, அவருக்கு முன்னால ஏலாது எண்டா, பேந்து தனியப் போய் டொக்டரிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"அது பழைய காலத்து மெஷின். இது புதுசு. ரெண்டும் ஒண்டெண்டு ஆருக்குத் தெரியும்?"

"டொக்டருக்குத் தெரியும். அதுக்குத்தான் கேட்டவர்."

மாமா கையை ஓங்கினார். அடிக்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பினேன். பெரியப்பா, கையில் பிளாஸ்கோடு.

"ஆருக்கு எக்ஸ்ரே பிடிச்சது?" என்றார்.

"அது ஒண்டுமில்லை அத்தான்," என்று மாமா தொடங்கினார். நான் விடவில்லை. பெரும்பாடு, கொழும்பு, தையல் கதை, கலியாணம், திரை, செங்கல், எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்தபிறகு பெரியப்பா மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப அவவுக்கு நொந்ததோ? தோல் உரிஞ்ச நேரம்?"

"நான் கூடப் போனனான் அத்தான்."

"உள்ளுக்கப் போனனீரோ?"

"இல்லை. என்னை விடேல்லை."

"அப்ப தனியத்தான்," என்றார் பெரியப்பா.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். என்ன பெரிய பூகம்பம் வரும் என்று முப்பது வருடமாகப் பயந்தாரோ அது வரவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து பெரியம்மாவின் குரல்தான் கேட்டது. கஞ்சிக்கு உப்புப் போடவில்லை என்று பெரியப்பாவை ஏசிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து டொக்டர்மார் வந்தால் நான்தான் கட்டிலடியில் நிற்பேன். அவர்கள் கேட்பதை ஒன்றும் விடாமல் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் சொன்னதை ஒன்றும் விடாமல் அவர்களிடம் சொன்னேன். "அவனுக்குச் சொல்லு, கை ஐஸ் மாதிரி இருக்கு, சூடாக்கிப்போட்டுத் தொடச் சொல்லி," என்றார். அதையும் சொன்னேன். டொக்டர் கையைத் தேய்த்துவிட்டுத் தொட்டார். குடலை வயிற்றுப் பக்கம் திருப்பி வெளியே பை வைக்கலாம், ஆனால் சதை பிடிக்குமோ தெரியாது, விருப்பமா என்று கேட்டார்கள். மற்றவர்களை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "வெட்டச் சொல்லு," என்றார். முதல்முறை சொன்ன அதே பதில். இந்தமுறை அது போய்ச் சேர்ந்தது. காலம்தான் பிந்திவிட்டது. தையல் பிடிக்கவில்லை, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார். பெரியப்பா காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் தலைமாட்டில்.

அடக்கத்துக்கு மாமா துண்டுப்பிரசுரம் அடித்தார். 'குறுகிய கால சுகவீனம் காரணமாக' என்று போட்டிருக்கிறார். வந்தவர்கள் பிறஷரோ, சுகரோ என்று என்னிடம் கேட்டார்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றேன். ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "சத்தமாச் சொல்லாத பிள்ளை, ஆம்பிளையள் நிக்கினம்," என்றார். சவப்பெட்டி பக்கத்தில் இருக்கிறது, அப்போதும் ஆம்பிளையள் நிற்கிறார்களாம்.

அதனால்தான் எழுதினேன். இதை வாசிக்கிற அக்காமாரே, உங்களுக்கு ரத்தம் போனால், மணம் வந்தால், அடிவயிறு நொந்தால், தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போகாதேங்கோ. ஊரில் என்ன வைத்தியம் செய்தீர்களோ அதைச் சொல்லுங்கோ, எவ்வளவு பழசானாலும் சொல்லுங்கோ. கூடக் கதைக்கப் பெண் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கோ. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவேன். எனக்குக் கலியாணம் நடந்தால் நடக்கட்டும், நடக்காவிட்டால் போகட்டும்.

அடுத்த பூசையில் பெரியம்மாவுக்கு மன்றாட்டு இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கிறேன் என்று பூசை வைக்கிற சுவாமி சொல்லியிருக்கிறார். மாமாவுக்காகவும் செபிக்கச் சொல்லி எழுது என்று பெரியப்பா கேட்டார். எழுதிவிட்டேன், பெரியப்பாவுக்காக. எனக்கு இன்னும் அந்தச் செபம் வரவில்லை.

எல்லாரும் மரியபுஸ்பத்துக்காகச் செபியுங்கோ. சுகவீனத்தால் செத்தவர் என்று சொல்லாதேங்கோ. கர்ப்பப்பையில் நோய் வந்து, கேட்க வேண்டியதை அவரிடம் ஒருவரும் கேட்காததால் செத்தவர் என்று சொல்லி மன்றாடுங்கோ. அதைச் சொல்ல வாய் கூசினால், பேசாமல் கொஞ்ச நேரம் முழங்காலில் இருங்கோ. கடவுள் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.